பூசப் பூசத் திறக்கும் யன்னல் மூலை வெடிப்பு

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் செங்கல்லால் கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. கிழக்கு அறை யன்னலின் கீழ்மூலையில் தொடங்கும் வெடிப்பு படிக்கட்டுப் போல அத்திவாரம் வரை இறங்குகிறது. இரண்டு தரம் சீமெந்து வைத்துப் பூசியும் மாரி முடிய மறுபடி திறக்கிறது. சுவரை இடித்துக் கட்டச் சொல்கிறார் மேசன். வேறு வழி உண்டா?

பதில்: இடிக்க அவசரப்படாதீர்கள். கல்லை விட்டுச் சாந்து வரியோடு படிபடியாய்ச் சரிந்து இறங்கும் வெடிப்பு, பெரும்பாலும் அத்திவாரத்தின் ஒரு பக்கம் தாழ்வதால் வருவது. யன்னல் மூலை சுவரின் பலவீனமான இடம், அதனால் அங்கேதான் முதலில் பிளக்கும். கீழே நிலம் அசைகிற வரைக்கும் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. பூசிய கையைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் பக்கம் கடற்கரை மணல். களிமண் போல அது மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்காது. ஆனால் ஒரே இடத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தால் மணல் அரிபட்டுப் போகும், இளகிய மணல் அமிழும். மாரி முடியத் திறப்பதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அடுத்த பெருமழையில் குடையோடு போய் அந்த மூலையில் நின்று பாருங்கள். கூரைப் பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது? சுவரடியில் பள்ளம் விழுந்திருந்தால் வேறு காரணம் தேடவேண்டாம்; குழாய் போட்டுச் சுவரை விட்டுத் தூரமாய்த் திருப்பிவிடுங்கள். பீலியில் பிழை இல்லையென்றால் மலசலகூடக் குழியையும் நிலத்தடிக் குழாய் ஒழுக்கையும் பாருங்கள்.

வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடைத்தூரத்தை மாதம் ஒருமுறை மில்லிமீற்றரில் அளந்து திகதியோடு எழுதுங்கள். ஒரு மாரி முழுக்கக் கடந்தும் அளவு மாறாவிட்டால் திருத்தத் தொடங்கலாம். வெடிப்பு 5 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, சுவர் வெளியே தள்ளி நின்றாலோ, கதவு இறுகத் தொடங்கினாலோ காத்திருக்காமல் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

திருத்தம் இப்படி. வெடிப்பின் இரு பக்கமும் பூச்சை வெட்டி எடுத்து, சாந்து வரியை ஓரங்குலத்துக்கு மேல் தோண்டி, தூசி தட்டி, நனைக்கவேண்டும். உடைந்த கல்லை மாற்றுங்கள். நான்கு வரிக்கு ஒன்றாக, வெடிப்பின் இரு பக்கமும் 50 சென்ரிமீற்றர் நீளும்படி 6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி வைத்துச் சாந்து அடையுங்கள். விலை அதிகம் என்று சாதாரணக் கம்பி வைக்கவேண்டாம். உப்புக்காற்றில் அது துருவேறிப் பருக்கும், கம்பி போன வழியே புது வெடிப்பு வரும்.

சாந்துக்கு ஒரு பங்கு சீமெந்து, ஆறு பங்கு ஆற்று மணல் போதும். சீமெந்தைக் கூட்டினால் பலம் கூடும் என்று நம் மேசன்மார் பலர் சாதிப்பார்கள். கல்லைவிடச் சாந்து கடினமானால் பக்கத்துக் கல்தான் வெடிக்கும். கடல் மணலைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பூச்சைப் பொரியவைக்கும்.

மேலே பைபர் வலை வைத்துப் பூசுங்கள். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்றடிக்கும் ஜூன், ஜூலையில் பூசினால் வெளிப்பூச்சு மளமளவென்று காய்ந்து சிலந்தி வலை போலக் கீறும். அந்த நாட்களில்தான் வேலை என்றால் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு கிழமைக்காவது காலையும் மாலையும் நனையுங்கள்.