பூட்டோவை ஏற்றிவிட்டது யார்?

கேள்வி: பாகிஸ்தானின் சுல்பிகர் அலி பூட்டோ மக்கள் தலைவரா, ராணுவம் வளர்த்துவிட்ட ஆளா?

பதில்: இரண்டும்தான். 1958-இல் ராணுவ ஆட்சி வந்ததுமே அமைச்சராகி, ராணுவ ஆட்சியாளர் அயூப் கானின் கீழ் 1963-இல் வெளியுறவுத் துறையையும் பிடித்தவர், இந்தியாவோடு நடந்த போருக்குப் பிறகு போட்ட தாஷ்கண்ட் சமாதான ஒப்பந்தத்துக்கு அப்புறம் அவரோடு முறைத்துக்கொண்டு 1967-இல் தனிக்கட்சி தொடங்கினார். சரி, 1970 தேர்தலில் மேற்கு பாகிஸ்தான் மக்கள் அவருக்கு அள்ளிக் கொடுத்தது நிஜம். ஆனால் நாடு முழுவதற்குமான பெரும்பான்மை கிழக்கு பாகிஸ்தான் தலைவர் முஜிபுர் ரகுமானுடையது. அவருக்கு ஆட்சி கிடைக்காமல் போனதில் அப்போதைய ராணுவ ஆட்சியாளர் யாஹியா கானோடு பூட்டோவுக்கும் பங்குண்டு என்பது என் வாதம். 1971 டிசம்பரில் வங்கதேசப் போரில் தோற்ற ராணுவமே பூட்டோவைக் கூப்பிட்டு ஜனாதிபதி நாற்காலியில் உட்காரவைத்தது, ராணுவச் சட்டத் தலைமை நிர்வாகி பதவியோடு (ஒரு சிவிலியனுக்கு!). 1977-இல் அவரைக் கவிழ்த்த ஜெனரல் ஜியா உல் ஹக்கை ராணுவத் தளபதியாக்கியதும் அவரேதான்.