மூலையிலிருந்து பின்னும் போர்வை: செவ்வகம் வேண்டும், சதுரம் வருகிறது

தோழி, குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வையை ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஓரம் 36 அங்குலம் வந்ததும் இரண்டு பக்கமும் குறைக்கத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அதுதான். அப்படிக் குறைத்தால் சதுரம்தான் வரும். 36 அங்குல அகலம், 48 அங்குல நீளம் வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும் குறைய வேண்டும், மறுபக்கம் வளர்ந்துகொண்டே போகட்டும்.

குறைக்கத் தொடங்கிய வரிசை வரை பிரித்துவிடுங்கள். குறைக்கும் ஓரத்தில் வேறு நிற நூலை முடிந்து வையுங்கள், இல்லாவிட்டால் டிவி பார்த்துக்கொண்டே பின்னும்போது நிச்சயம் பக்கம் மாறும்!

வளரும் பக்கத்தில் தொடங்கும் வரிசைக்கு வழக்கம்போல 6 செயின் (சங்கிலித் தையல்). அந்த வரிசை குறையும் ஓரத்தில் முடியும்போது கடைசி செயின் இடைவெளியில் ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமில்லாத இணைப்புத் தையல்) மட்டும், கட்டம் (3 செயினும் 3 டபுள் குரோஷேயும் சேர்ந்த சிறு சதுரம்) வேண்டாம். திருப்பி, மூன்று டபுள் குரோஷே (ஊசியில் ஒரு முறை நூல் சுற்றிப் போடும் உயரமான தையல்) மேல் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டபடி இடைவெளிக்குப் போய், 3 செயின், 3 டபுள் குரோஷே. மறுமுனை வரை அப்படியே.

இந்தப் பகுதி முழுக்க ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்களின் எண்ணிக்கை மாறக்கூடாது. மாறினால் அங்கேயே நிறுத்திப் பாருங்கள். நீளத்தை நேர் ஓரத்தில்தான் அளக்க வேண்டும், குறுக்கே அல்ல. 48 வந்த பிறகு இரு பக்கமும் குறையுங்கள்.

நிறம் மாற்றுவது வரிசைத் தொடக்கத்தில் இருந்தால் கோடுகள் சுத்தமாக விழும். நான் சொன்னவை அமெரிக்கப் பெயர்கள்; பிரிட்டிஷ் பேட்டர்ன் என்றால் டபுள் குரோஷேயை ட்ரெபிள் என்று போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.