பண்புசார் ஆய்வுக்கு எத்தனை பேரைப் பேட்டி எடுத்தால் போதும்?

ஆய்வேடு எழுதும் மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எண்ணிக்கையை முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடியாது. புதிதாக எதுவும் வராத கட்டத்தில் நிறுத்தலாம்; அதைத் 'தரவு நிறைவு' என்பார்கள்.

கருத்துக்கணிப்பு 'எத்தனை பேர்' என்று எண்ணுகிறது. பண்புசார் ஆய்வில் நாம் தேடுவது 'எப்படி, ஏன்' என்பதை.

கடுகு தாளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் படபடவென்று வெடிக்கும், பிறகு ஒன்றிரண்டு, அப்புறம் அடங்கும். யாரும் கடுகை எண்ணுவதில்லை, சத்தத்தைத்தான் கவனிக்கிறோம். தூய்மைப் பணியாளர்களைப் பேட்டி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து பேர் கையுறை, சம்பளம் என்றே பேசலாம். ஆறாவது அக்கா, "வேலை முடியற வரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன் தம்பி, ஒதுங்க இடமில்ல" என்பார். கடுகு மறுபடி வெடிக்கிறது, தொடருங்கள். பேட்டியை அன்றன்றே எழுதிப் படிப்பவருக்குத்தான் இது பிடிபடும். (சோம்பலில் தள்ளிப்போடாதவர் யார்!)

'12 பேர் போதும்' என்று பலர் நம்புவது 2006-இல் வெளியான ஓர் ஆய்வால். கானா, நைஜீரியாவில் 60 பெண்களின் பேட்டிகளில், முதல் 12-லேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. ஓரளவு ஒத்த பின்னணியுள்ளவர்களிடம், ஒரே கேள்விகளைக் கேட்டதில் கிடைத்த கணக்கு அது; எல்லா ஆய்வுக்கும் பொருந்தும் விதியல்ல.