எம்.எஸ். கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் பன்னிரண்டு வாரம்

ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பி.டெக். பயோடெக்னாலஜி, ஐந்தாம் செமஸ்டர். சி.ஜி.பி.ஏ. 8.2, அரியர் இல்லை. மன்னார் வளைகுடாக் கரையில் வளர்ந்த பெண்; பவளப்பாறை என்று பேச்செடுத்தால் சாப்பாடு மறந்துவிடும். டல்லாஸில் இருக்கும் தாய்மாமன் வாரம் தவறாமல் போன் செய்கிறாராம்: "பயோவை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? டேட்டா சயின்ஸில் எம்.எஸ். சேர்த்துவிடுங்கள், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் லோன் கிடைக்கும்." வங்கியும் 40 லட்சத்துக்குத் தலையாட்டிவிட்டது. மகள் வாய் திறக்காமல் இருக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது என்கிறார் அப்பா.

அய்யா, உங்கள் பயம் நியாயமானது. பெண்ணின் மௌனத்தைக் கவனித்தீர்களே, அது இன்னும் நல்லது. ஆனால் ஆறுதல் சொல்லி நேரம் கடத்த விரும்பவில்லை. பத்திரத்தை வைக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 40 லட்சம், 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 55,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 66 லட்சம். படிக்கும் இரண்டு வருடத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. இந்தத் தவணையை ரூபாய்ச் சம்பளத்தில் கட்ட முடியாது, டாலர்ச் சம்பளம் வந்தாக வேண்டும். அதற்கு எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசா வேண்டும். அதன் ஆண்டு வரம்பு 85,000. கேட்பவர்கள் அதைவிட மிக அதிகம். தாய்மாமன் போன காலத்து வழியை வைத்துச் சொல்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் தவணை அவர் பெயரில் வராது. தவிர, உங்கள் மகள் டேட்டா சயின்ஸ் கேட்கவே இல்லை. கேட்காத படிப்புக்கு வீட்டை வைப்பதை என்னால் ஆமோதிக்க முடியாது.

ஜி.ஆர்.இ., கன்சல்டன்சி, பல்கலைக்கழகத் தரவரிசை எல்லாம் உங்கள் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: இளநிலைப் படிப்பின் நடுவிலேயே வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் இரண்டு மூன்று மாதம் வருகை ஆராய்ச்சி மாணவியாகப் போய் வருவது. 'விசிட்டிங் ஸ்டூடண்ட்', 'ரிசர்ச் இன்டர்ன்' என்று இடத்துக்கு ஒரு பெயர். பட்டம் கிடையாது, சேர்க்கையும் கிடையாது. அவள் இங்கே தன் கல்லூரி மாணவியாகவே இருப்பாள். அங்கே ஓர் அடையாள அட்டை, ஆய்வகத்தில் ஒரு மேசை, வழிகாட்டும் ஒரு பேராசிரியர், ஒரு சிறு ஆராய்ச்சி வேலை. முடிக்கும்போது கையில் இரண்டு இருக்கும். ஒன்று, அவள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர் தரும் பரிந்துரைக் கடிதம். இன்னொன்று, ஆராய்ச்சி தனக்கு ஒத்து வருமா வராதா என்ற தெளிவு. ஒத்து வராது என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான், 66 லட்சம் கொடுத்துத் தெரிந்துகொள்ளவில்லையே.

இதெல்லாம் ஐ.ஐ.டி. பிள்ளைகளுக்கு என்று கல்லூரியில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கனடாவின் மிட்டாக்ஸ் திட்டத்தில் போட்டி கடுமை. ஜெர்மனியின் டாட் அமைப்பு நடத்தும் 'வைஸ்' திட்டத்துக்கு அங்குள்ள பேராசிரியரின் அழைப்புக் கடிதம் முதலில் வேண்டும். உங்கள் கல்லூரிக்கு அதில் தகுதி உண்டா என்றும் பார்க்க வேண்டும். அதே அமைப்பின் 'ரைஸ் ஜெர்மனி'யைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து கல்லூரி மாணவர்களுக்கானது, இங்கிருந்து போட முடியாது.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம். சுருக்கமாக ஓ.ஐ.எஸ்.டி. ஒகினாவா தீவில் ஒன்னா என்ற கிராமத்தில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் இருக்கிறது. இளநிலைப் படிப்பே கிடையாது, முனைவர் பட்டம் மட்டும். முதல் மாணவர்கள் சேர்ந்தது 2012-ல். துறைப் பிரிவுகள் இல்லை. வேலை மொழி ஆங்கிலம், ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொடக்க காலத்தில் தலைமை ஏற்றவர் 2002-ல் நோபல் பெற்ற சிட்னி பிரென்னர். உங்கள் மகளுக்குப் பிடித்த செய்தி ஒன்றும் உண்டு. அக்ரோபோரா டிஜிட்டிஃபெரா என்ற பவளத்தின் முழு மரபணுத் தொகுதியை 2011-ல் வெளியிட்டதே இங்குள்ள கடல் மரபணுவியல் குழுதான். அக்ரோபோரா இனப் பவளங்கள் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய உயிரை ஆய்வகத்தில் பார்க்கப் போகிறாள்.

இங்கே இன்டர்ன்ஷிப் இரண்டு முதல் ஆறு மாதம் வரை. இளநிலைப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டில் இருப்பவர்கள் போடலாம். பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களே தருகிறார்கள். வேலைநாளுக்கு ஒரு படியும் உண்டு. சில ஆண்டுகளாக 2,400 யென் என்று அறிவித்திருந்தார்கள், நீங்கள் போடும் ஆண்டின் தொகையை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு கடைசித் தேதிகள். அக்டோபர் 15-க்குள் போட்டால் அடுத்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்துக்கு. ஏப்ரல் 15-க்குள் போட்டால் அந்த அக்டோபர் முதல் மறு மார்ச் வரையிலான காலத்துக்கு.

பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கோடை விடுமுறையில் போகலாம் என்று அக்டோபரில் போடுவார்கள். ஆனால் இணைப்புக் கல்லூரிகளில் ஆறாம் செமஸ்டர் தேர்வு மே கடைசி வரை இழுக்கும், ஏழாம் செமஸ்டர் வகுப்பு ஜூலை, ஆகஸ்டில் தொடங்கிவிடும். நடுவில் பத்து வாரம் எங்கே? 75 சதவீத வருகைப்பதிவு அடிபடும், கேம்பஸ் பிளேஸ்மென்டும் அப்போதுதான். உங்கள் மகள் ஏப்ரல் 15 தேதிக்கே போடட்டும். கேட்க வேண்டிய காலம் அடுத்த ஜனவரி முதல் மார்ச், அதாவது எட்டாம் செமஸ்டர். அந்த செமஸ்டரில் பெரும்பாலும் புராஜெக்ட்தான் இருக்கும். அந்த புராஜெக்டை வெளி ஆய்வகத்தில் செய்ய அனுமதிக்கிறார்களா என்று துறைத்தலைவரிடம் இப்போதே கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட தடையில்லாச் சான்று வேண்டும். வெளியில் செய்யும் வேலையே இறுதி புராஜெக்டாக ஏற்கப்படும், இங்கே உள்வழிகாட்டி இன்னார் என்ற இரண்டு வரியும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து ஏப்ரலில் வைவாவுக்கு நிற்கும்போது, "உன் புராஜெக்ட் எங்கே?" என்று கேட்பார்கள்.

இனி ஏப்ரல் வரை அவள் செய்ய வேண்டியது. மூன்று பேராசிரியர்கள் வரை விருப்ப வரிசையில் குறிப்பிடலாம் என்பதால் மூவரையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரின் புகழை வைத்து அல்ல, ஒவ்வொருவரின் கடைசி மூன்று ஆண்டுக் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு. படித்தேன் என்பதற்கு அடையாளம், கட்டுரையின் ஒரு படத்தைச் சுட்டி ஒரு கேள்வி கேட்க முடிவது.

கல்லூரி ஆய்வகத்தில் பி.சி.ஆர். எந்திரம் துணி போர்த்தி இருக்கலாம். அதற்காக உட்கார்ந்துவிடக் கூடாது. அந்தப் பவளத்தின் மரபணுத் தரவும் அதன் ஆர்.என்.ஏ. வரிசைத் தரவும் என்.சி.பி.ஐ. என்ற அமெரிக்கப் பொதுத் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரணச் சூட்டிலும் கடல் சூடேறியபோதும் எடுத்த மாதிரிகள் உள்ள ஒரு தொகுப்பைப் பதிவிறக்கட்டும். ஃபாஸ்ட்கியூசி என்ற மென்பொருள் கொண்டு தரத்தைச் சோதிப்பது, ஹைசாட்2 கொண்டு மரபணுத் தொகுதியில் பொருத்துவது, ஆர் மொழியில் எந்த மரபணு கூடியது, எது குறைந்தது என்று ஒரு வரைபடம் போடுவது. 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி இந்த அளவுக்குப் போதும். முதல் வாரம் லினக்ஸ் கட்டளைகளோடு மல்லுக்கட்டவே போய்விடும், மனம் தளர வேண்டாம். எட்டு வாரத்தில் இரண்டு பக்க அறிக்கை ஒன்று தேறும். டேட்டா கற்றுக்கொள் என்ற தாய்மாமனின் அறிவுரையில் பயனுள்ள பகுதி இதுதான். அதற்கு எம்.எஸ். தேவையில்லை.

விருப்பக் கடிதத்தில் என்ன எழுதுவது? "சிறு வயது முதல் எனக்கு அறிவியலில் ஆர்வம், உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் கற்க விரும்புகிறேன்" என்று நூறு பேர் எழுதுவார்கள். இப்படி எழுதட்டும்: "உங்கள் கட்டுரையின் மூன்றாம் படத்தில் சூடேறிய இரண்டாம் நாளே வெப்ப அதிர்ச்சிப் புரத மரபணுக்கள் கூடுகின்றன. பொதுத்தரவில் நான் பார்த்த தொகுப்பில் அது ஐந்தாம் நாள்தான் தெரிகிறது. மாதிரி எடுத்த நேரம் காரணமா, பவளத்தின் வகை காரணமா?" படமும் நாளும் நான் உதாரணத்துக்குச் சொன்னவை, அவள் தன் கண்ணால் கண்டதை எழுத வேண்டும். கேள்வியே தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் கடிதம் படிக்கப்படும். சாட்பாட்டில் எழுதி வாங்கிய கடிதம் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத்தலைவரிடம் ஓடாதீர்கள். "இவர் ஒழுக்கமான, கடின உழைப்பாளி" என்று நான்கு வரி வரும். அவளுடைய ஜெல் சோதனை ஓடாமல் போனபோது பக்கத்தில் நின்று பார்த்த உதவிப் பேராசிரியர் போதும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றால் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டாம். தான் செய்த சோதனைகள், தேதி, பிசகியது என்ன, எப்படிச் சரிசெய்தாள் என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுத்து, கடிதத்தை அவரையே எழுதக் கேட்கட்டும். அவர் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும், ஜிமெயிலிலிருந்து வந்தால் சந்தேகப்படுவார்கள். பல ஆசிரியர்களிடம் கல்லூரி மின்னஞ்சல் இருக்கும், கடவுச்சொல் மறந்திருக்கும். ஒரு மாதம் முன்பே ஞாபகப்படுத்துங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது பாஸ்போர்ட். நம் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. மதிப்பெண் பட்டியலில் 'எம். கவிதா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், விரித்துத்தான் எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடுங்கள், அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காலியாக விட்டால் விமான டிக்கெட்டில் ஒரு மாதிரியும் விண்ணப்பத்தில் வேறு மாதிரியும் பெயர் வந்து, ஒவ்வோர் இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில். மதிப்பெண் பட்டியலோடு உள்ள வேறுபாட்டுக்குக் கல்லூரி முதல்வரிடம் 'இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்று. சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய்தான், தட்கல் வரை தள்ளிப்போட வேண்டாம்.

விசாவில் ஒரே ஓர் எச்சரிக்கை. 90 நாளுக்கு மேல் தங்கினால் ஜப்பானிலிருந்து தகுதிச் சான்றிதழ் வர வேண்டும், அதற்கே மாதங்கள் பிடிக்கும். 12 வாரம் என்பது 84 நாள். எந்த வகை விசா என்பதை அவர்கள் எழுதித் தருவார்கள், அதன்படி மட்டும் போடுங்கள். அவசரத்தில் டூரிஸ்ட் விசா எடுத்துப் போய் ஆய்வகத்தில் உட்காரலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உங்கள் கையிலிருந்து எவ்வளவு? 50,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். தினப்படி அந்த மாத வேலை முடிந்த பிறகுதான் வரும் என்று வைத்துக்கொண்டு, முதல் மாதச் செலவுக்கும் விசாவுக்குச் சென்னை போய் வரவும். அதற்கு மேல் ஒரு பைசாவும் வேண்டாம். "சிங்கப்பூரில் ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப், ஒன்றரை லட்சம், சான்றிதழ் நிச்சயம்" என்று வாட்ஸ்அப்பில் வருவது சுற்றுலா. ஆய்வகம் தரும் இடம் பணம் கேட்டால் பெரும்பாலும் பெஞ்ச் ஃபீ, அதாவது ஆய்வகக் கட்டணம் போன்ற பெயரில்தான், அதுவும் பல்கலைக்கழகக் கணக்குக்கு நேரடியாகப் போகும். அதைக் கேட்கும் இடத்தையும் நீங்கள் விட்டுவிடலாம், கேட்காத இடங்கள் இருக்கின்றன.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. ஜனவரியில் ஒகினாவாவில் பகலில் பத்தொன்பது இருபது டிகிரி, பனி விழாது, ஒரு ஸ்வெட்டர் போதும். அரிசி கிடைக்கும், ஆனால் ஒட்டும் ரகம். கிராமம் என்பதால் பேருந்து குறைவு. வாரம் ஒருமுறை காய்கறி வாங்கிச் சமைக்கப் பழக வேண்டும்.

கிடைக்கவில்லை என்றால்? அதே அறிக்கை, அதே கடிதத்தைச் சற்று மாற்றி சவூதி அரேபியாவின் காஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போடலாம். செங்கடல் பவளங்களை அங்கே ஆராய்கிறார்கள். மூன்று முதல் ஆறு மாதம், மாதம் 1,000 டாலர், விமானச் செலவும் தங்குமிடமும் அவர்களுடையது. இதற்கு நடுவில் இந்திய அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்துக்கும் போடட்டும். எட்டு வாரம், உதவித்தொகையோடு நம் நாட்டு ஆய்வகம் ஒன்றில். விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பரில் முடிந்துவிடும், அதனால் முதலில் நிரப்ப வேண்டியது இதைத்தான்.

தாய்மாமன் அடுத்த முறை போன் செய்தால் இதைச் சொல்லுங்கள்: ஓ.ஐ.எஸ்.டி.யில் பி.டெக். முடித்தவர்கள் நேரடியாக முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், இடம் கிடைத்தவர்களுக்கு நிதியுதவியும் அங்கேயே கிடைக்கிறது. அதற்குப் பிறகும் அவர் எம்.எஸ். என்றால், போனை மகளிடம் கொடுங்கள். அவள் பேசி முடிக்கும் வரை வங்கிக்குப் போகாதீர்கள்.