ஒரே சிம்பொனி, முப்பது பதிவுகள்: எதை வாங்குவது?

கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியை நண்பர் வீட்டில் கேட்டதிலிருந்து அது மனதை விட்டுப் போகவில்லை. வாங்கலாம் என்று தேடினால் முப்பது பதிவுகள் வந்து நிற்கின்றன. ம்ராவின்ஸ்கி என்ற இசை நடத்துநர் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய பழைய பதிவை வாங்கச் சொல்கிறார் நண்பர். அதிலும் சி.டி. மலிவு, 180 கிராம் எல்.பி. இசைத்தட்டோ பல மடங்கு விலை. இத்தனை பழைய பதிவுக்கு அவ்வளவு கொடுக்கலாமா?

பதில்: நண்பர் சொன்னதைக் கேளுங்கள். ஆனால் சி.டி.யே போதும், ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். ம்ராவின்ஸ்கியும் லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவும் டாய்ச்சே கிராமஃபோன் என்ற இசை நிறுவனத்துக்காக இதே சிம்பொனியை இரண்டு முறை பதிந்திருக்கிறார்கள், இரண்டும் வியன்னாவில். 1956-ல் பதிந்தது மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். 1960-ல் பதிந்தது ஸ்டீரியோ, இடம் வலம் என்று ஒலி பிரிந்து கேட்கும். அட்டையில் பெயர்கள் ஒன்றாகவே இருப்பதால் மாற்றி வாங்கிவிட வாய்ப்பு அதிகம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 1960 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது சாய்கோவ்ஸ்கியின் 4, 5, 6-ஆம் சிம்பொனிகள் மூன்றும் சேர்ந்த இரட்டை சி.டி.யாகவும் வந்திருக்கிறது. ஒரே விலையில் மூன்று சிம்பொனி, நல்ல பேரம்.

பழையது எதற்கு என்றால், அந்த ஆர்கெஸ்ட்ராவின் குரலுக்காகத்தான். டிரம்பெட்டும் ஹார்னும் லேசாக நடுங்கிக்கொண்டே, கூர்மையாகப் பாய்ந்து வரும். இன்றைய ஆர்கெஸ்ட்ராக்கள் பலவும் ஒரே மாதிரி வழவழப்பாக ஒலிக்கின்றன என்பது என் எண்ணம்.

முதல் பாகத்தின் நடுவில் ஓர் இடம் வரும். கிளாரினெட் தனியாக மெட்டைக் கீழே இறக்கிக்கொண்டே போகும். கடைசி நாலு சுரம் மட்டும் பஸூன் என்ற தாழ்ந்த குரல் குழலுக்கு. அவற்றுக்கு, சத்தம் குறைத்து வாசி என்பதற்கான 'p' என்ற குறியை ஆறு முறை எழுதி வைத்திருக்கிறார் சாய்கோவ்ஸ்கி. காதில் விழவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிவிடாதீர்கள். அடுத்த நொடியே மொத்த ஆர்கெஸ்ட்ராவும் இடி மாதிரி இறங்கும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு உடம்பு அதிரும்.

எல்.பி. வேண்டாம் என்பதற்குக் காரணம் இந்த சிம்பொனியிலேயே இருக்கிறது. இது ஆரவாரமாக முடிவதில்லை. தாழ்ந்த குரல் தந்தி வாத்தியங்களான செல்லோவும் டபுள் பாஸும் தேய்ந்து தேய்ந்து அடங்கிவிடும். இசைத்தட்டில் அந்த நேரம் முள் மையத்தை ஒட்டிய கடைசிப் பள்ளங்களில் ஓடிக்கொண்டிருக்கும். ஒலி தெளிவு குறைகிற இடம் அது. ஒரு தூசி இருந்தாலும் 'டப்' என்று கேட்கும். 180 கிராம் என்பது தட்டின் எடை, அவ்வளவுதான். பதிவு அதனால் மேம்பட்டுவிடாது.

ஒருவர் பயன்படுத்திய சி.டி. கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். வெளிச்சத்தில் சாய்த்து, ஆழமான கீறல் இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆசை வந்தால், செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி: கெர்தேஸ் நடத்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்த, டெக்கா நிறுவனத்தின் 1961 பதிவு. ஆனால் அதற்கு அவசரமில்லை. முதலில் இதை முழுதாக ஐந்தாறு முறை கேளுங்கள். மூன்றாம் பாகம் அமர்க்களமாக முடியும்போது எழுந்துவிடாதீர்கள், இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருக்கிறது.