போர்க்காலமும் மலையகப் பாடசாலைகளும்

கேள்வி: இலங்கையில் போர் நடந்தது வடக்கிலும் கிழக்கிலும்தானே? அக்காலத்தில் மலையகத்தின் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஆசிரியர்கள் என்ன துணை செய்ய வேண்டியிருந்தது?
– வாசகர், ஹட்டன்

பதில்: போர்முனை தொலைவில் இருந்தாலும், 1979இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமும் அவசரகால விதிகளும் மலையகத்துக்கும் பொருந்தின, சோதனைச் சாவடியில் தமிழ் இளைஞனிடம் கேட்கப்பட்டது தேசிய அடையாள அட்டைதான். பாடசாலை மாணவர் அதற்கு அதிபர் (தலைமை ஆசிரியர்) வழியாக விண்ணப்பிப்பதே நடைமுறை என்பதால், அதிபரின் கையொப்பத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பிறப்பே பதியப்படாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழியைப் பெற்றோரை உட்காரவைத்து விளக்குவதும், படிவத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறாமல் பார்த்துக்கொள்வதும் பாடத்திட்டத்தில் இல்லாத வேலைகள். (ஓர் எழுத்துப் பிசகினாலும் சாவடியில் பதில் சொல்ல வேண்டியவன் மாணவன்தான்.) 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட குடும்பங்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு, அடையாள அட்டை குடிமக்களுக்கே உரியது, எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமோ 2003இல்தான் வந்தது. உளவள ஆலோசனை தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீடு திரும்புவோமா என்று அஞ்சிய பிள்ளைக்கு அன்று பெரிய ஆறுதல், பிழையின்றி நிரப்பப்பட்ட அந்தப் படிவமே என்பது என் கணிப்பு.