வாசகர் கேள்வி: திபிலீசியில் இன்னும் கம்யூனிசம் இருக்கிறதா?

கேள்வி: என் மகள் மருத்துவம் படிக்க ஜார்ஜியா போகிறாள். பழைய சோவியத் நாடாச்சே, அந்த ஊர்ப் பிள்ளைகள் சாமி, குடும்பம் எதுவும் இல்லாமல் வளர்ந்திருப்பார்களோ? நம் பெண் கெட்டுப்போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் அங்கே இருந்தவராமே? (வாசகி, நாமக்கல்)

பதில்: நீங்கள் பயப்படுவதற்கு நேர்மாறு அம்மா. நான் தலைநகர் திபிலீசியில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்தபோது காலை பஸ்ஸில் தினமும் பார்ப்பேன். மூக்கில் வளையம், கழுத்து வரை பச்சை குத்தல், காதில் இயர்போன். அப்படி ஒரு பையன் ஜன்னலில் தேவாலயம் தெரிந்ததும் மூன்று முறை சிலுவை போட்டுக்கொள்வான். அடுத்த தேவாலயம் வந்தால் மறுபடியும். அவன் தாத்தா காலத்தில் இதைச் செய்தால் கட்சிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 2007இல் திருச்சபைத் தலைவர் இரண்டாம் இலியா, மூன்றாவது குழந்தை பெற்றால் நானே ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

குடும்பமா? முப்பதை நெருங்கும் பையனும் அம்மா வீட்டில்தான் சாப்பிடுகிறான். பாசம் ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். உக்ரைன் போர் தொடங்கிய 2022இல் ரஷ்யர்கள் கூட்டமாக வந்திறங்கியதும் வாடகை தாறுமாறாக ஏறியது. பல வீடுகளில் பாட்டிதான் பிள்ளைகளை வளர்க்கிறாள். நம்மூர் வளைகுடாக் குடும்பங்களில் அப்பா வெளியூரில் இருப்பதுபோல், அங்கே அம்மா கிரீஸிலோ இத்தாலியிலோ முதியவர்களைக் கவனிக்கும் வேலையில் இருப்பாள்.

'கெட்டுப்போவது' பற்றிப் பெண்ணுக்கு ஒரு நியாயம், பையனுக்கு ஒரு நியாயம் அங்கேயும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை, உங்களுக்கு ஒருவேளை நிம்மதியாக இருக்கலாம். அப்புறம், பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும். பெண்ணிடம் சில்லறை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: 'சோவியத் நாடு' பத்திரிகை படித்து, அதன் வழவழத் தாளில் நோட்டுக்கு அட்டை போட்டு வளர்ந்தவன் நான். ஸ்டாலின் பிறந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தின் அருமை தெரிகிறதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: தோழர், அவர் பிறந்த ஊரான கோரியில் ஸ்டாலின் அருங்காட்சியகம் இருக்கிறது. பிறந்த வீடு, பயணம் செய்த ரயில் பெட்டி எல்லாம் பார்க்கலாம். ஊர் நடுவே நின்ற சிலையை 2010இல் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டார்கள். அவர் முகம் போட்ட ஃபிரிட்ஜ் காந்தத்தை விற்கும் பையன் அவரை வைது பேசவும் மாட்டான், புகழவும் மாட்டான். நம்மைப்போல் வருகிறவர்கள் வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

அருமை தெரிந்தவர் நான் அங்கே வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா. ஆலையில் பொறியாளர். சம்பளத்தோடு லீவு, கருங்கடல் ஓரம் கோடை விடுமுறை என்று அடுக்குவார். மகள் குறுக்கே வந்து 90களைச் சொல்லுவார்: ஆலை மூடியது, மின்சாரம் இல்லாத குளிர்காலம், மண்ணெண்ணெய் அடுப்பு, விடியுமுன் ரொட்டிக்கு வரிசை. 2001இல் பிறந்த பேரன் இரண்டையும் கேட்டுக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருப்பான். அவனுக்குத் தெரிந்த மாஸ்கோ 2008 ஆகஸ்டில் ரஷ்யாவோடு ஐந்து நாள் நடந்த போர்தான். நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு இன்றும் ரஷ்யப் படையின் பிடியில் இருக்கிறது. 'இடதுசாரி' என்று நான் சொன்னால் அவன் காதில் டாங்கி ஓசைதான் விழும்.

அதற்காக அவன் சந்தையை நம்புகிறான் என்று நினைக்காதீர்கள். வேலை கிடைப்பது யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தது என்பான். அவன் மனதார மெச்சியது ஒன்றைத்தான்: 2005இல் வந்த பொது நுழைவுத் தேர்வு. அதற்கு முன் பல்கலைக்கழக இடத்துக்கு லஞ்சம் வாங்குவது ஊரறிந்த சங்கதி. பெயருக்குப் பதில் குறியீடு போட்ட விடைத்தாள் அதை ஒழித்தது. நீட் பற்றி நாம் சண்டை போடும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம் வரும். தேர்வு பொதுவானதும் அங்கேயும் டியூஷன் வாத்தியார்கள் பிழைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சாமி கும்பிட்டுக்கொண்டு அம்மா வீட்டில் இருக்கும் பிள்ளைகள் ஏன் தினமும் போராடுகிறார்கள்? ஜெயிப்பார்களா? (மாணவர், மதுரை)

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர முயல வேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2024 நவம்பர் 28 அன்று பிரதமர் கோபாகிட்சே, 2028 முடியும் வரை அந்தப் பேச்சை எடுக்கப்போவதில்லை என்றார். அன்று ராத்திரியே நாடாளுமன்றம் இருக்கும் ருஸ்தாவெலி சாலை நிறைந்துவிட்டது. 1989 ஏப்ரல் 9 அன்று சோவியத் படை 21 பேரைக் கொன்ற அதே சாலை. 2018இல் இரவு விடுதிகளில் போலீஸ் புகுந்தபோது, ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நாடாளுமன்றத்தின் முன்பே ஆடிக் காட்டிய தலைமுறை இது. சிலுவை போட்டுக்கொள்பவனும் ஆடப் போகிறவனும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

ஜெயிப்பார்களா என்றால், அரசாங்கம் கெட்டிக்காரத்தனமாகப் பணத்தில் கை வைத்தது. 2025இல் சாலை மறியலுக்கு அபராதம் 5,000 லாரி (ஜார்ஜியப் பணம்). சராசரிச் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கும் மேல். கூட்டம் குறைந்தது, ஆனால் இரவு தவறாமல் சிலர் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அந்த வீட்டுச் சொந்தக்காரம்மாவின் பேரனும் போவான். பகலில் ஜெர்மன் வகுப்பு. ஜெர்மனியில் நர்ஸ் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான்.